எக்ஸ்ரேயில் முறிவில்லை, வலியும் குறைந்துவிட்டது; பிறகும் கணுக்கால் ஏன் மடங்குகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: மாடிப்படியில் இறங்கும்போது கடைசிப் படியைக் கவனிக்காமல் இடது கால் உள்பக்கமாக மடங்கி விழுந்திருக்கிறீர்கள். அன்றே எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியவில்லை. வலி மாத்திரையும் கிரேப் பேண்டேஜும் கொடுத்து, ஜவ்வுதான் இழுத்திருக்கிறது, ஓய்வெடுத்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்து வாரம் கழித்து, வலி அநேகமாகப் போய்விட்ட நிலையில், சமதரையில் நடக்கும்போதே அதே கால் மறுபடி மடங்கியிருக்கிறது. இனி எப்போது ஷட்டில் விளையாடலாம், அதற்குள் ஒருமுறை சுளுக்கு வழித்துக்கொள்வது நல்லதா என்று கேட்கிறீர்கள்.

இருபது ஆண்டுகளாக இயன்முறை மருத்துவம் செய்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் காலில் வலி ஆறியிருக்கிறது, காயம் இன்னும் ஆறவில்லை. இரண்டும் ஒன்றல்ல. அதைவிட முக்கியமாக, காயத்தோடு சேர்ந்து உங்கள் கணுக்கால் இழந்த ஒரு திறன் இருக்கிறது. அது ஓய்வினால் திரும்பி வராது, பயிற்சியினால் மட்டுமே வரும். உங்களுக்குக் கிடைத்த அறிவுரையில் விடுபட்டுப்போனது அந்தப் பகுதிதான்.

முதலில் காலுக்குள் நடந்தது என்ன என்று பார்ப்போம். கெண்டைக்காலின் இரண்டு எலும்புகளும் கீழே வந்து ஒரு கவ்வுபோல அமைகின்றன. அந்தக் கவ்வுக்குள் பாதத்தின் மேல் எலும்பு பொருந்தி அசைகிறது. அந்த எலும்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருக்கும். பாதத்தை மேல்நோக்கி வளைத்திருக்கும்போது அகலமான பகுதி கவ்வுக்குள் இறுகப் பொருந்துவதால் மூட்டு உறுதியாக நிற்கிறது. படி இறங்கும்போதும், குதித்துத் தரையில் கால் வைக்கும்போதும் நுனிப்பாதம் கீழ்நோக்கி இருப்பதால் குறுகலான பகுதி கவ்வுக்குள் வந்து, மூட்டு தளர்வாகிவிடுகிறது. அந்த நேரத்தில் பாதம் உள்பக்கமாகப் பிரண்டால், வெளிப்பக்க எலும்பு முனையின் முன்னால் இருக்கும் தசைநார்தான் முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கிறது. நாம் ஜவ்வு என்று சொல்வது இதைத்தான். வெளிப்பக்கத்தில் இப்படி மூன்று நார்கள் இருக்கின்றன; பெரும்பாலும் முதலில் கிழிவது முன்னால் இருக்கும் இது. அடி பலமாக இருந்தால் அதற்கடுத்து, எலும்பு முனையிலிருந்து குதிகால் எலும்புக்கு இறங்கும் நாரும் சேர்ந்து கிழியும்.

அந்த நார் வெறும் கயிறு அல்ல. பாதம் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று நொடிக்கு நொடி மூளைக்குச் செய்தி அனுப்பும் நுண்ணிய நரம்பு முனைகள் அதற்குள் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டாலும் உங்கள் பாதம் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவதில் அவற்றுக்குப் பங்குண்டு. இதை நிலையுணர்வு என்கிறோம். நார் கிழியும்போது அந்தச் செய்தித் தொடர்பும் குலைகிறது. மேடுபள்ளத்தில் கால் வைத்ததும் கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசைகள் சட்டென்று இறுகிப் பாதத்தை நிமிர்த்த வேண்டும். செய்தி தாமதமாக வந்தால் அவையும் தாமதமாகவே இறுகும். உங்கள் கால் சமதரையில் மடங்கியதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கெட்ட நேரமும் இல்லை, எலும்பில் பலவீனமும் இல்லை. முதல் சுளுக்குக்குப் பிறகு நூற்றுக்கு நாற்பது பேர் வரை இப்படி நீடித்த தள்ளாட்டத்துக்கு ஆளாகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சுளுக்குதானே என்று விட்டுவிடும் காயத்துக்கு இது பெரிய எண்ணிக்கை.

பயிற்சிக்குப் போகுமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். முதல் எக்ஸ்ரே முதல் விழுதலுக்கு எடுத்தது. இரண்டாவது முறை மடங்கியதற்கு நீங்கள் எதுவும் பார்க்கவில்லை. கனடாவின் ஒட்டாவா நகரில் 1992-இல் வகுக்கப்பட்ட எளிய விதிகள் சில உண்டு. இன்று உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் அவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்துத் தெரியும் எலும்பு முனைகளில் நுனியையோ, நுனியிலிருந்து 6 செ.மீ. மேல்வரை பின் விளிம்பையோ விரலால் அழுத்தும்போது வலித்தால் எக்ஸ்ரே தேவை. பாதத்தின் வெளி விளிம்பில் பாதி தூரத்தில் துருத்தி நிற்கும் எலும்பிலோ, உள்பக்க வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பிலோ அழுத்தி வலித்தாலும் தேவை. விழுந்தவுடனும், மருத்துவரிடம் வந்த பிறகும், நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியாவிட்டாலும் தேவை. இவற்றில் எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வலி எலும்பின் மேல் இருக்கிறதா, எலும்புக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதுதான் இதில் சூட்சுமம். பள்ளத்தில் மட்டும் வலித்தால் பெரும்பாலும் அது நார்.

கணுக்காலுக்குச் சற்று மேலே, இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் வலிக்கிறதா என்றும் பாருங்கள். கெண்டைக்காலை இரு பக்கமிருந்தும் சேர்த்து அழுத்தும்போது கீழே கணுக்காலருகே வலி தெறித்தால், கவ்வைச் சேர்த்துப் பிடித்திருக்கும் மேல் நார் அடிபட்டிருக்கலாம். அது ஆற இதைவிட அதிக நாளாகும்; அதற்கு எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் பயிற்சி தொடங்கக் கூடாது. விழும்போது பின்னங்காலில் யாரோ உதைத்ததுபோல் படாரென்று ஒரு சத்தமோ உணர்வோ இருந்து, இப்போது அந்த ஒற்றைக் காலால் மட்டும் நுனிக்காலில் எழும்ப முடியவில்லை என்றால், அது சுளுக்கே அல்ல. குதிகாலின் பின்னால் இருக்கும் தடித்த நாண் அறுந்திருக்கக் கூடும். சுளுக்கு என்று பெயர் வைத்து இரண்டு மாதம் எண்ணெய் தேய்த்துவிட்டு அந்த நாண் அறுந்த நிலையில் என்னிடம் வந்தவர்கள் உண்டு.

இனி, வழித்துவிடுவது பற்றி. நம் ஊர்களில் சுளுக்கு எடுப்பவர் இல்லாத தெரு குறைவு. காலால் பிறந்தவர் உதைத்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று நம்பி ஆள் தேடிப்போன குடும்பத்தில்தான் நானும் வளர்ந்தேன். அதனால் இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அடிபட்ட முதல் சில நாட்களில் பலமாக நீவுவதும், பாதத்தைப் பிடித்து இழுத்துச் சொடக்கெடுப்பதும், ஏற்கெனவே கிழிந்த நாரை மேலும் கிழித்து உள்ளே ரத்தக்கசிவைக் கூட்டும். கண்ணுக்குத் தெரியாத முறிவு இருந்தால் எலும்பை விலக்கிவிடும். மூங்கில் பத்தையும் துணியும் வைத்து இறுக்கிக் கட்டுவது அதைவிட ஆபத்தானது. கட்டின் கீழே விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, மாத்திரைக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, யார் கட்டியிருந்தாலும் உடனே அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்களுக்கு ஐந்து வாரமாகிவிட்டதால், வீட்டில் யாராவது எண்ணெய் தொட்டு இதமாகத் தடவிவிடுவதால் கெடுதல் இல்லை, சுகமாகவும் இருக்கும். ஆனால் இடம் மாறிப்போன எதையும் அது சரியான இடத்தில் கொண்டுவந்து வைப்பதில்லை, ஏனென்றால் அங்கே எதுவும் இடம் மாறியிருக்கவில்லை.

ஐஸ் வைப்பது பற்றியும் ஒரு சொல். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் பரப்பிய ‘ரைஸ்’ முறைதான் நெடுநாள் வேதவாக்காக இருந்தது. பின்னாளில் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கமும் சூடும் உடல் நடத்தும் பழுதுபார்ப்பின் முதற்கட்டம் என்பதே காரணம். என் வழக்கம் இது: முதல் இரண்டு மூன்று நாள் வலி தாங்க முடியாதபோது, துணி சுற்றி, பத்து முதல் பதினைந்து நிமிடம் ஐஸ் வைக்கலாம், அது வலிக்கு மருந்து, காயத்துக்கு அல்ல. அழுத்தக் கட்டும், காலை இருதயத்தைவிட உயரத்தில் தலையணைமேல் வைப்பதும் வீக்கத்துக்கு உதவுகின்றன. கட்டு விரல்களின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். மேலே இறுக்கமாகவும் கீழே தளர்வாகவும் கட்டினால் பாதம் இன்னும் வீங்கும்.

ஓய்வு என்பதிலும் அளவு உண்டு. கடுமையாகக் கிழிந்த கணுக்காலுக்கு, பத்து நாள் முழங்காலுக்குக் கீழ் மாவுக்கட்டுப் போட்டவர்கள், வெறும் அழுத்தக் குழாய்த் துணி மட்டும் போட்டவர்களைவிட விரைவாகத் தேறினார்கள் என்று 2009-இல் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. ஆகவே கட்டு கூடாது என்பதில்லை; அதே கட்டை ஆறு வாரம் வரை நீட்டித்துப் போடுவதுதான் மூட்டை விறைக்கவும் தசையைச் சூம்பவும் செய்கிறது. உங்களுக்கு இனிக் கட்டு தேவையில்லை.

கிழிந்த நார் மறுபடி இழுவிசையைத் தாங்கும் பலம் பெற ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். முழுமையாக முதிர ஓராண்டுகூட ஆகலாம். அந்தக் காலத்தில் அளவான இழுவிசை கொடுத்தால்தான் புது இழைகள் சரியான திசையில் அடுக்கப்படுகின்றன. எது அளவு என்பதற்கு நான் நோயாளிகளிடம் சொல்லும் கணக்கு: பத்துக்கு மூன்று என்ற அளவுக்குள் இருக்கும் வலி பரவாயில்லை, மறுநாள் காலை அது அடங்கியிருக்க வேண்டும், வீக்கம் நேற்றைவிடக் கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் அந்தப் பயிற்சியை விட்டுவிட வேண்டாம், பாதியாகக் குறையுங்கள்.

முதலில் பாதம் மேல்நோக்கி வளையும் அளவைத் திரும்பப் பெறுங்கள். சுவரை நோக்கி நின்று, பாதத்தைத் தரையில் ஊன்றி, குதிகால் எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொடும்படி முன்னால் சாயுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு தூரம் வைத்துத் தொட முடிகிறது என்று இரண்டு காலிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நல்ல காலில் 10 செ.மீ. வருகிறது, அடிபட்ட காலில் 5 செ.மீ.தான் வருகிறது என்றால், அந்த வித்தியாசம்தான் உங்கள் முதல் வேலை. தரையில் குந்தி உட்காரும் கழிப்பறையைப் பயன்படுத்துபவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. அடிபட்ட பக்கக் குதிகால் எழும்பிக்கொள்வதை அவர்களே கவனித்துவிடுகிறார்கள். நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்குப் பதினைந்து முறை நிதானமாகச் சாய்ந்து நிமிர்ந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் வித்தியாசம் குறையத் தொடங்கும்.

அதோடு பலப் பயிற்சி. பழைய சைக்கிள் டியூபை ஓரடி அகலத்துக்கு வளையமாக முடிந்து இரு பாதங்களையும் அதற்குள் விட்டு, குதிகால் நகராமல் அடிபட்ட பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். கடையில் விற்கும் வண்ண ரப்பர் பட்டை செய்யும் வேலையை அது செய்துவிடும். பிரளும் பாதத்தை நிமிர்த்தும் வெளிப்பக்கத் தசைகளுக்கு நேரடியான பயிற்சி இதுதான். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு இரு கால்களாலும் நுனிக்காலில் எழும்பி, மெல்ல இறங்குங்கள். அது சுலபமானதும் ஒற்றைக் காலால் செய்யுங்கள். நல்ல காலால் எத்தனை முறை முடிகிறதோ, அத்தனை முறை அடிபட்ட காலாலும் முடிவதுதான் இலக்கு.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஒற்றைக் காலில் நிற்பது பார்வைக்கு விளையாட்டாகத் தெரிவதால், நோயாளிகள் முதலில் கைவிடுவது இதைத்தான்; மறுபடி கால் மடங்காமல் காப்பதும் இதுதான். ஒரு மூலையில், இரண்டு பக்கமும் சுவர் எட்டும் இடத்தில், வெறுங்காலோடு அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள். முதல் நாள் பத்து நொடியில் கணுக்கால் நடுங்குவதைப் பார்ப்பீர்கள். அந்த நடுக்கம் தவறு அல்ல, இழந்த செய்தித் தொடர்பைக் கால் மறுபடி கற்றுக்கொள்ளும் வேலை அது. முப்பது நொடி நிலையாக நிற்க முடிந்ததும் கண்ணை மூடி நில்லுங்கள். கண் இதுவரை எவ்வளவு வேலையைச் செய்துகொண்டிருந்தது என்று அப்போது புரியும். அதுவும் கைவந்ததும் மடித்த போர்வைமேல் நில்லுங்கள். பிறகு ஒற்றைக் காலில் நின்றபடியே மற்றக் காலை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று எட்டும் தூரம்வரை நீட்டித் தரையைத் தொட்டு எடுங்கள். கடைசியாக, யாரையாவது பந்து எறியச் சொல்லிப் பிடியுங்கள். கவனம் பந்தின்மேல் போகும்போதும் கால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம், ஏனென்றால் ஷட்டில் மைதானத்தில் யாரும் தன் காலைப் பார்த்துக்கொண்டு ஆடுவதில்லை. தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது, காலையில் பல் துலக்கும் நேரம் முழுவதும் அந்தக் காலில் நில்லுங்கள் என்பதுதான். ஈரமில்லாத தரையாக இருக்கட்டும்.

அன்றாட நடமாட்டத்தில், படி ஏறும்போது நல்ல கால் முதலில் போகட்டும், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் இறங்கட்டும். கைப்பிடியை விட வேண்டாம். ஊன்றுகோல் வைத்தால் அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். வார் மட்டும் கொண்ட தளர்ந்த ரப்பர் செருப்பைச் சில மாதம் ஓரமாக வைத்துவிட்டு, குதிகாலைப் பின்னால் பட்டை பிடிக்கும் செருப்பையோ ஷூவையோ போடுங்கள். அடிபட்டது இடது கால் என்பதால் கியர் பைக் ஓட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். கியரை மேலே தூக்குவதும், நின்ற வண்டியின் பாரத்தை அந்தக் காலால் தாங்குவதும் நார் விரும்பாத வேலைகள்.

ஷட்டிலுக்கு நான் நாள் குறித்துத் தர மாட்டேன், அளவுகோல் தருகிறேன். சுவர்ச் சோதனையில் இரு கால்களுக்கும் ஓரிரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒற்றைக் காலில் நுனிக்கால் எழும்புவது இரண்டிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் வர வேண்டும். வேக நடையும் மெதுவோட்டமும் மறுநாள் வீக்கமின்றி முடிய வேண்டும். ஒற்றைக் காலில் முன்னும் பக்கவாட்டிலும் குதித்து, தள்ளாடாமல் நிற்க வேண்டும். இவை அனைத்தும் வந்த பிறகும் முதல் வாரம் நின்ற இடத்தில் அடிப்பது, அடுத்து அரை மைதானம், அதன்பின் முழு ஆட்டம் என்று போங்கள். ஷட்டிலில் கால் மடங்குவது பெரும்பாலும் குதித்து இறங்கும்போதும், ஆட்டம் நீண்டு களைத்த பிறகும்தான். ஆகவே கடைசி ஆட்டத்தை ஆடாமல் வருவது நல்ல பழக்கம். ஓடுவதற்கான தடித்த அடிப்பாகம் கொண்ட ஷூவை விட, தட்டையான அடிப்பாகம் கொண்ட ஷட்டில் ஷூ பாதுகாப்பானது. கயிறு கட்டும் வகைக் கணுக்கால் உறையை விளையாடும்போது மட்டும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை அணியுங்கள். ஏற்கெனவே சுளுக்கிய காலில் மறு சுளுக்கை அது உண்மையாகவே குறைக்கிறது. உறை போட்டதால் தசை சூம்பிவிடும் என்ற பயம் வேண்டாம், பயிற்சியை விடாதவரை.

இந்த அறிவுரை அப்படியே பொருந்தாதவர்களும் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டு நாரைவிடப் பலவீனமானது; ஆகவே பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் அடி அவர்களுக்கு வளர்ச்சித் தட்டில் காயமாக முடியலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஒட்டாவா விதிகளை நம்பக் கூடாது, ஏனென்றால் அந்த விதிகள் வலியை வைத்துச் சொல்பவை. அவர்களுக்குச் சுடு ஒத்தடமும் கூடாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். பெரிதாக வலியில்லாமல் பாதம் சிவந்து, சூடாக, வீங்கியிருந்தால் அது எலும்புகள் நொறுங்கத் தொடங்கும் நிலையாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. யாருக்காக இருந்தாலும், கெண்டைக்கால் புதிதாக வீங்கி, தொட்டால் வலித்துச் சூடாக இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ரத்தம் உறைந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன பயிற்சிகளை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்த பிறகும் கால் மடங்கிக்கொண்டே இருந்தாலோ, மூட்டுக்குள் ஏதோ சிக்கிக்கொள்வதுபோல் பிடித்துக்கொண்டாலோ, அப்போது எலும்பு மருத்துவரிடம் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள். நாரோடு சேர்ந்து மூட்டின் வழுவழுப்பான குருத்தெலும்பிலும் கீறல் விழுந்திருக்கலாம், அது சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடும். நாரைத் தைத்து இறுக்கும் அறுவை சிகிச்சை 1960-களிலிருந்தே இருக்கிறது, பலனும் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் பயிற்சியை முழுமையாகச் செய்து பார்க்காதவருக்கு அதை முதலிலேயே பரிந்துரைக்கும் மருத்துவரிடம், நான் இன்னும் ஒற்றைக் காலில் முப்பது நொடிகூட நின்று பார்க்கவில்லை என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.